பேரு பெரிசு, விலை சிறிசு: கிட்டாரைத் திருப்பிப் பார்த்து வாங்குங்க

என் கையில் இருந்தது ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ரெண்டு முகூர்த்த சீசன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை பிரிச்சுக் காட்டி, மடிச்சு வெச்சு, நடுவில் பத்தாம் வகுப்புப் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. எங்க வீடு பிள்ளையார்பாளையம். தறியில் அப்பா, கோர்வை இழுக்க அம்மா. அந்தத் தொகை எத்தனை புடவைக்கான கூலின்னு வீட்ல யாரும் சொல்லல. எனக்கே தெரியும், அதான் பிரச்சினை. தப்பா வாங்கிட்டா அடுத்த கிட்டார் வேலைக்குப் போனதுக்கு அப்புறம்தான்.

முதல் வருஷத்திலிருந்து ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனின் பழைய கிட்டாரை இரவல் வாங்கித்தான் வாசிக்கிறேன். இப்போ சொந்தமா ஒன்று. அந்தக் காசுக்கு ரெண்டு வழி தெரிந்தது. ஒன்று, மார்ட்டின், டெய்லர் மாதிரி பெரிய பேருள்ள கம்பெனி போடும் சின்ன விலை மாடல். இன்னொன்று, அதே காசுக்கோ அதைவிடக் குறைச்சலாவோ, எல்லா விலையிலும் கிட்டார் செய்யும் யமஹா மாதிரி கம்பெனியின் கொஞ்சம் நல்ல மாடல். யூடியூபில் ரெண்டு பக்கமும் ஆயிரம் வீடியோ. எல்லாரும் நல்லா வாசிக்கிறாங்க, எல்லா கிட்டாரும் நல்லா கேக்குது. அதை வெச்சு என்ன முடிவு பண்றது?

அம்மாகிட்ட சும்மா புலம்பினேன். "பெரிய கடைப் பேர் போட்டு கம்மி விலைக்கு ஒண்ணு குடுத்தா, எங்க கையை வெச்சிருக்கான்னு பாரு. புடவைன்னா திருப்பிப் பாப்போம். உன் கிட்டாருக்கு உள் பக்கம் இல்லயா?" அவ்வளவுதான் சொன்னாங்க. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்: விலையைக் குறைக்க எங்கே கையை வெச்சிருக்காங்க, அந்த இடம் நம்ம காதுக்கும் கைக்கும் எட்டுமா?

புடவையில் அது எப்படின்னு வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம். அசல் சரிகை என்பது பட்டு நூல் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். விலை குறையணும்னா வெள்ளி இருக்கிற இடத்தில் செம்பு வரும், பட்டு இருக்கிற இடத்தில் வேற நூல் வரும். அடுத்தது கோர்வை: உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், மூணு நாடா ஓட்டி ஒவ்வொரு ஊடையிலும் ரெண்டையும் பூட்டி நெய்வது. இதுக்குத் தறியில் ரெண்டாவது ஆள் வேணும். ஆளைக் குறைத்தால் கோர்வை போய்விடும். முன்பக்கம் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். திருப்பினால் தெரியும். செம்புச் சரிகையை செம்புச் சரிகைன்னு சொல்லி அந்த விலைக்கு வித்தா அது நேர்மையான புடவை. தினம் கட்ட அதுவே போதும். அசல்னு சொல்லி வித்தாதான் ஏமாத்து.

ரெண்டு கம்பெனி, ரெண்டு வழி

மார்ட்டின் கம்பெனி 1833-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து போன சி. எஃப். மார்ட்டின் தொடங்கியது. சில வருஷத்தில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்கு மாறி, இன்னைக்கும் அங்கேயே இருக்கிறது. இன்னைக்கு எல்லாரும் செய்யும் பெரிய இடுப்புள்ள 'டிரெட்னாட்' வடிவம் அவங்க கொண்டுவந்ததுதான், ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பேரை அதுக்கு வெச்சாங்க. அவங்க டி-28 மாடல் இப்போ அமெரிக்காவிலேயே மூவாயிரம் டாலருக்கு மேல். டெய்லர் நம்ம அப்பா தலைமுறைக் கம்பெனி: பாப் டெய்லரும் கர்ட் லிஸ்டக்கும் 1974-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது.

ரெண்டு கம்பெனிக்கும் மெக்சிகோவில் தொழிற்சாலை உண்டு. சின்ன விலை மாடல்கள் அங்கேதான் செய்யப்படுகின்றன. "மெக்சிகோ செய்தது" என்றதும் முகம் சுளிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் மதிப்பில்லை. யமஹாவே நம்ம பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில், மப்பேட்டில், 2019 முதல் கீபோர்டும் கிட்டாரும் செய்கிறது. ஊர் பேரில் சத்தம் இல்லை. மரத்திலும் அளவிலும்தான் இருக்கிறது.

கையை வைத்த இடத்தைப் பார்ப்போம். மார்ட்டினின் 'லிட்டில் மார்ட்டின்' எல்எக்ஸ்1: மேலே ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ், பின்புறமும் பக்கமும் மரமே இல்லை, உயர் அழுத்த லேமினேட். அதாவது பிசினில் ஊறவைத்த காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிய பலகை. நம்ம பாஷையில் சன்மைக்கா. மேலே தெரியும் மஹோகனி ரேகை அச்சடித்த படம். டெய்லர் 2017-இல் கொண்டுவந்த 'அகாடமி 10': மேலே ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ், பின்புறமும் பக்கமும் சப்பீலி மரத்தின் அடுக்குப் பலகை, மேல்பூச்சு பளபளப்பு இல்லாத மெல்லிய மேட். 2010-இல் வந்த 'ஜிஎஸ் மினி'யும் அதே அடுக்குப் பலகைதான், உடம்பு மட்டும் சின்னது. 1996-இல் வந்த 'பேபி டெய்லர்' இன்னும் வெளிப்படை: நெக்கை உடம்போடு சேர்க்க ஃபிரெட்போர்டு வழியாகவே ரெண்டு ஸ்க்ரூ. தலை வெளியே தெரியும். மறைக்கவே இல்லை. எனக்கு அந்த ரெண்டு ஸ்க்ரூவைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்தது.

மேல்பலகை: இங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க

கம்பி தானாகச் சத்தம் போடாது. மெல்லிய கம்பி, காற்றை என்னத்தைத் தள்ளும்? அது பிரிட்ஜை ஆட்டுகிறது, பிரிட்ஜ் மேல்பலகையை ஆட்டுகிறது, பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை, சாதாரண லைட் கேஜ் செட்டுக்குச் சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். வளர்ந்த ஒரு ஆள் இருபத்துநாலு மணி நேரமும் தொங்குகிற மாதிரி. அதைத் தாங்குகிற பலகையின் கனம் மூணு மில்லிமீட்டர் சுற்றி.

ஆக நமக்கு முரண்பட்ட ரெண்டு தேவை. விறைப்பா இருக்கணும், லேசாவும் இருக்கணும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிச்சதை எடுங்க: பலகையின் வளைவு விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், எடை கனத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். 3 மி.மீ. பலகையை 3.3 ஆக்கினால் எடை 10 சதவீதம்தான் கூடும், விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். ஒரு மயிரிழை கனம் கூடினாலே பலகை அசைய மறுப்பது இதனால்தான்.

மரத்தை ஒப்பிட ஒரு எளிய எண் இருக்கிறது. மரத்தில் ஒலி ஓடும் வேகத்தை அதன் அடர்த்தியால் வகுங்க. எவ்வளவு பெரிசோ, அவ்வளவு நல்லாச் சத்தத்தை வெளியே விடும். ஸ்ப்ரூஸின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 420 கிலோ, இழை நெடுக யங் மாடுலஸ் சுமார் 11 கிகாபாஸ்கல். வேகம் நொடிக்கு 5,100 மீட்டர் வரும், வகுத்தால் 12. நம்ம வீட்டு வாசக்கால் தேக்கு: அடர்த்தி 650, மாடுலஸ் 12 என்று வையுங்க. வேகம் 4,300, வகுத்தால் ஆறரை. கிட்டத்தட்ட பாதி. தேக்கு உசத்தி மரம்தான், கதவுக்கு.

இப்போ அடுக்குப் பலகை. மெல்லிய மூணு தகடு, நடுத்தகட்டின் இழை குறுக்கே. உடையாது, விரியாது. ஆனா ஸ்ப்ரூஸின் பலமே இழை நெடுக இருக்கும் விறைப்பு. மூணில் ஒரு தகட்டைக் குறுக்கே போட்டால் அந்தத் தகடு எடையை மட்டும் கொண்டுவருகிறது. சரிக்கட்ட மொத்தக் கனத்தைக் கூட்டணும், நடுவில் இருக்கும் பசை அதிர்வைத் தின்னும். அதனால் மேல்பலகை அடுக்கா இருந்தால் சத்தம் சின்னதாகவும் சீக்கிரம் அணைவதாகவும் இருக்கும். பெரிய பேரோ சின்னப் பேரோ, மேல்பலகை ஒற்றைப் பலகையா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. லிட்டில் மார்ட்டினிலேயே எல்எக்ஸ்எம் என்று ஒரு தம்பி உண்டு, அதில் மேல்பலகையும் லேமினேட். பேர் கிட்டத்தட்ட ஒன்று, பொருள் வேற.

பின்பலகை: இங்கே பேரம் பேசலாம்

கதை இங்கே மாறுகிறது. விலை உயர்ந்த கிட்டார்களின் பின்புறத்துக்கு எந்த மரம் தெரியுமா? நம்ம தோதகத்தி. ஈட்டி மரம்னும் சொல்வோம். உலக கிட்டார் சந்தையில் அதுக்குப் பேர் ஈஸ்ட் இண்டியன் ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலை மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைக்கச் சிரமமானதும் 1969 வாக்கில் மார்ட்டின் நம்ம மரத்துக்கு மாறியது. டி-28-இன் முதுகில் இருப்பது அதுதான். தமிழ்நாட்டில் இந்த மரத்தைக் காப்பாற்ற 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். நாம வெட்டக் கூடாதுன்னு சட்டம் போட்ட மரத்தை நாசரேத்தில் பாலிஷ் போட்டு லட்சக்கணக்கில் விற்கிறார்கள் என்று நினைக்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கு. அது வேற கட்டுரை.

அந்த மரம் இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம்? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் சாமுவேல் கார்காக்னோவும் குழுவினரும், ஒரே கைவினைஞர் செய்த ஆறு கிட்டார்களை எடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, பின்புற மரமும் பக்க மரமும் மட்டும் வேற: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மேப்பிள், மஹோகனி, சப்பீலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள் எது எந்த மரம் என்று பார்க்க முடியாதபடி வாசித்து மதிப்பெண் போட்டார்கள். சத்தத்தின் தரத்தில் மரத்துக்கு மரம் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. விலையில் பல மடங்கு வித்தியாசம் உள்ள மரங்கள் இவை.

பாப் டெய்லர் இதை முன்னாடியே வேற மாதிரி காட்டினார். 1995-இல் தொழிற்சாலையில் குப்பையில் போன சரக்குப் பலகை ஓக் மரத்தை எடுத்து ஒரு கிட்டார் செய்தார். அது நல்ல கிட்டாராகவே ஒலித்தது.

சரி, அந்த ஆய்வில் இருந்தது எல்லாம் மரம். சன்மைக்காவோடு ஒப்பிட்டதில்லை. அதை நான் மறைக்கல. அடுக்குப் பலகை முதுகு கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். காதைத் தீட்டினால் தெரியலாம். ஆனா பின்பலகை பெரும்பாலான நேரம் நம்ம வயிற்றில் ஒட்டி, சட்டையால் அமுங்கித்தான் கிடக்கிறது. அகாடமி 10-இல் டெய்லர் இங்கே கையை வெச்சு, மேல்பலகையைத் தொடாமல் விட்டது எனக்குச் சரியான கணக்காகப் படுகிறது.

நீளத்தைக் குறைத்தால் கையும் காதும் சொல்லும்

சின்ன கிட்டாரில் விலை குறைவதற்கு இன்னொரு காரணம் அளவு. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். மார்ட்டின் டிரெட்னாட்டில் 25.4 அங்குலம். அகாடமி 10-இல் 24.875. ஜிஎஸ் மினியில் 23.5. லிட்டில் மார்ட்டினில் 23.

கம்பியின் இழுவிசை நீளத்தின் இருமடிக்கும் சுருதியின் இருமடிக்கும் ஏற்ப மாறும் என்று ப்ளஸ் ஒன்னிலேயே படிச்சோம். அதே கம்பி, அதே சுருதி என்றால் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும். 24.875-ஐ 25.4-ஆல் வகுத்து இருமடியாக்குங்க: 0.96. நாலு சதவீதம்தான் தளர்வு. கையில் மெத்தென்று இருக்கும், சத்தத்தில் இழப்பு தெரியாது. புதுசா பழகுகிறவர்களுக்கு இது வரம். 23.5 என்றால் 14 சதவீதம் தளர்வு. 23 என்றால் 18. அவ்வளவு தளர்ந்தால் தடித்த கம்பி ஓங்கி அடிக்கும்போது ஃபிரெட்டில் பட்டுக் கிரீச்சிடும், சுருதியும் ஒரு கணம் ஏறி இறங்கும். இதுக்குத்தான் ஜிஎஸ் மினியை டெய்லர் ஒரு படி தடித்த மீடியம் கேஜ் கம்பி போட்டு விற்கிறது. கணக்கைச் சரிசெய்தது தெரிகிறது.

அடுத்து காற்று. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு, பாட்டில் வாயில் ஊதினால் வருகிற மாதிரி. டிரெட்னாட்டில் அது 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும், கீழ்க்கம்பியின் 82 ஹெர்ட்ஸுக்கு ஓரளவு துணை நிற்கும். பெட்டி சுருங்கினால் அந்தச் சுருதி மேலே போகும். அடிநாதம் மெலியும். எட் ஷீரன் 2015-இல் வெம்ப்ளி மைதானத்தில் சின்ன மார்ட்டினை வெச்சுத் தனி ஆளா வாசிச்சாரேன்னு கேப்பீங்க. வாசிச்சார், பிக்கப் வழியா, மலையளவு ஸ்பீக்கரில். நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில் அந்த ஸ்பீக்கர் இல்லை.

ஆனா பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கும் தாம்பரத்துக்கும் கிட்டாரோடு நின்றுகொண்டே போய்வரும் ஆளுக்கு மினிதான் சரி. ஜிஎஸ் மினியை வாசிச்சுப் பார்த்த அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதையும் எழுதிடறேன்.

நம்ம ஊர் ஈரம்

யூடியூப் வீடியோக்களில் இது வராது, ஏன்னா எடுக்கிற ஆட்கள் நம்ம ஊரில் இல்லை. ஒற்றைப் பலகை கிட்டாரை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் எங்க வீட்டில் 80-க்குக் கீழே இறங்கினால் ஆச்சரியம். குழித்தறி மண்ணுக்குள் இருப்பதால் வரும் குளுமை பாவு நூலுக்கு நல்லது, இழை அறாது. அதே ஈரம் கூடிப்போனால் குழியில் தண்ணி ஊறும், பாவு காயாது, தறி நிற்கும். பட்டுக்கு ஓரளவு ஈரம் உறவு. ஸ்ப்ரூஸுக்குப் பகை.

எவ்வளவு பகை? கணக்குப் போடலாம். ஸ்ப்ரூஸ் பலகை ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் இழைக்குக் குறுக்கே சுமார் 0.15 சதவீதம் விரியும். காற்றின் ஈரப்பதம் 50-லிருந்து 80-க்குப் போனால் மரத்தின் உள்ளீரம் சுமார் ஆறு சதவீதம் கூடும். டிரெட்னாட்டின் அகலமான இடம் 400 மி.மீ. பெருக்கினால் மூணரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்ளே ஒட்டியிருக்கும் சட்டங்களும் ஓரமும் அந்தப் பலகையை விரிய விடாது. அப்போ அதுக்கு ஒரே வழி, மேலே உப்புவது. பிரிட்ஜ் உயரும், கம்பி ஃபிரெட்டை விட்டு விலகும், விரல் வலிக்கும். மே மாசத்தில் ஏசி ரூமில் மாதக்கணக்கில் வைத்தால் தலைகீழ்: பலகை சுருங்கும், விரிசல் விடும்.

இப்போ யோசிங்க. முழுக்க ஒற்றைப் பலகையில் செய்த விலை உயர்ந்த கிட்டாரில் மேல், பின், பக்கம் எல்லாமே இப்படி மூச்சு விடும். மாற்றி மாற்றி விரியும். அடுக்குப் பலகை முதுகும் சன்மைக்கா முதுகும் அசையவே அசையாது. ஓடு வேய்ந்த வீட்டில், ஏசி இல்லாத ஹாஸ்டலில் இருக்கிற நமக்கு, கம்பெனி காசு மிச்சம் பிடிக்க வைத்த முதுகு பலமாகவே ஆகிவிடுகிறது. லட்ச ரூபாய் கிட்டாரை இரவல் குடுத்தாலும் எங்க வீட்டில் வைக்க நான் பயப்படுவேன்.

அப்போ பெரிய கம்பெனிக்குக் காசு குடுப்பதில் நியாயமே இல்லையான்னா, இருக்கு. நெக்கில். எழுபத்தைந்து கிலோ வருஷக்கணக்கில் இழுத்தால் எந்த கிட்டாரிலும் நெக்கின் சாய்வு மாறும். பசை போட்டு ஒட்டிய மலிவு கிட்டாரில் அதைக் கழற்றிச் சரிசெய்யும் கூலி கிட்டார் விலையைத் தாண்டிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். டெய்லரில் நெக் போல்ட் போட்டுக் கழற்றுவது. சாய்வை மாற்ற மெல்லிய ஆப்புத் துண்டு மாற்றினால் போதும். இதை அகாடமியிலும் மினியிலும் விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர்கள் இதுக்காகக் கூடுதலா குடுக்கலாம். நான் குடுத்திருப்பேன், இன்னும் ஒரு சீசன் காசு கையில் இருந்திருந்தால்.

கடையில் என்ன செய்யணும்

சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். "ஃபுல் சாலிட் சார்" என்று ஒன்றைக் கையில் குடுத்தார்கள். போன் டார்ச்சை சவுண்ட்ஹோலுக்குள் காட்டினேன், அம்மா சொன்ன மாதிரி உள் பக்கம். துளையின் ஓரத்தில் மரத்தின் குறுக்கு வெட்டு தெரியும். ஒற்றைப் பலகை என்றால் மேலே இருக்கும் ரேகை அப்படியே கனத்தின் ஊடாகக் கீழே இறங்கும். அடுக்கு என்றால் பிஸ்கட் மாதிரி வரி வரியாக இருக்கும். அங்கே வரி இருந்தது. காட்டினதும் அவர் சிரிச்சுட்டு, "டாப் மட்டும் கொஞ்சம் லேயர் சார்" என்றார். கொஞ்சம் லேயர்!

முதுகுக்கு வேற சோதனை. வெளியே ஒரு கண் மாதிரி ரேகையைக் குறித்துக்கொண்டு, உள்ளே அதே இடத்தில் தேடுங்க. ஒற்றைப் பலகையில் அதே வடிவம் உள்ளேயும் வரும். அட்டையில் எழுதியிருப்பதையும் எழுத்துக்கூட்டிப் படிங்க. 'சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்' என்றால் ஒற்றைப் பலகை. வெறும் 'ஸ்ப்ரூஸ் டாப்' என்றால் பெரும்பாலும் அடுக்கு. 'லேயர்டு' என்பதும் 'லேமினேட்' என்பதும் ஒன்றுதான், கேட்க இனிமையா இருக்கணும்னு மாத்திக்கிட்டாங்க. அந்தச் சொல்லை வெளிப்படையாப் போடும் கம்பெனியைத் திட்ட மாட்டேன், அது செம்புச் சரிகைன்னு சொல்லி விற்பது மாதிரி.

பிறகு ஸ்டீல் ஸ்கேல். வெட்கப்படாம பையில் எடுத்துட்டுப் போங்க, நம்ம ஒர்க்‌ஷாப்பில் வெச்சிருக்கிற ஆறு அங்குலம் போதும். 12-ஆவது ஃபிரெட்டில், ஃபிரெட்டின் மேல்முனையிலிருந்து தடித்த கம்பியின் அடிவரை அளங்க. 2.0 முதல் 2.5 மி.மீ. சரி. 3-ஐத் தாண்டினால் ஏன்னு கேளுங்க. பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைச் சாடிலை இழைத்தால் சரியாகலாம், ஆனா சாடில் ஏற்கெனவே தாழ்ந்து கிடந்து கம்பி உயரமா இருந்தா நெக் சாய்வு போச்சு, அதை வெச்சுட்டு வாங்க. ஒவ்வொரு கம்பியிலும் 12-ஆவது ஃபிரெட்டை அழுத்தியும், அதே இடத்தில் விரலை லேசாத் தொட்டு ஹார்மோனிக்கும் வாசிச்சு, போனில் இருக்கும் ட்யூனரில் ரெண்டையும் ஒப்பிடுங்க. ஒன்றாக வரணும். கையை நெக்கின் ஓரத்தில் ஓட்டினால் ஃபிரெட் முனை கீறக் கூடாது.

கடைசியா, முகம் திரும்பி நின்று நண்பனை வாசிக்கச் சொல்லுங்க, எது எந்த கிட்டார்னு சொல்லாமல். நான் மூணு கிட்டாரை வெச்சு இப்படிக் கேட்டேன். பேர் தெரியாதபோது எனக்குப் பிடிச்சது, பேர் தெரிஞ்சபோது பிடிச்சதாக இல்லை.

வாங்கினது யமஹா எஃப்ஜி 800. மேலே ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ், பின்னாடி அடுக்கு, முழு நீள ஸ்கேல். மிச்சக் காசில் ஒரு கெட்டிப் பெட்டி, ஒரு ஹைக்ரோமீட்டர், சாடில் இழைத்துத் தர ஒரு ஆளுக்குக் கூலி. அப்புறமும் கொஞ்சம் மீந்தது. அதை அம்மாகிட்ட குடுத்தேன், வாங்கிக்கல.

பெட்டியைத் தறி அறையில் வைக்கல, நடு ரூமில் அலமாரி மேல். நேத்து மழை. ஹைக்ரோமீட்டர் 81 காட்டியது. 12-ஆவது ஃபிரெட்டில் அளந்தேன்: 2.4. வாங்கின வாரம் 2.2.